நட்சத்திரம் பொறித்த பந்து

கோஸ்டாரிகாவின் மலைப்பகுதியில் துரியால்பா என்றொரு ஊர் இருக்கிறது. காபியும் கரும்பும் விளையும் ஊர். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்குப் போகும் பந்துகள் எல்லாம் அங்கிருக்கும் ராலிங்ஸ் தொழிற்சாலையில்தான் தைக்கப்படுகின்றன. நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த ஒரு சிறு உருண்டை. அதைச் சுற்றி முந்நூறு மீட்டருக்கும் அதிகமான நூல், பெரும்பகுதி கம்பளி, இயந்திரத்தில் இறுக்கிச் சுற்றப்படுகிறது. அதற்கு மேல் எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு வெள்ளை மாட்டுத்தோல் துண்டுகள். இவ்வளவு தூரம் இயந்திரம் வரும். தோலைத் தைப்பதற்கு மட்டும் இன்றுவரை மனிதக் கைதான்.

தைப்பவர் பந்தை ஓர் இடுக்கியில் பொருத்திக்கொண்டு உட்காருகிறார். மெழுகேற்றிய சிவப்பு நூல், இரண்டு ஊசிகள். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் துளைகளில் ஊசியை நுழைத்து, நூலை முழுக்கை நீளத்துக்கு விரித்து இழுக்கின்றன. ஒவ்வொரு இழுப்பும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். எங்காவது தளர்ந்தால் தையல் மேடாகி, காற்றில் பந்து வேறு வழி போகும். இப்படி 108 இரட்டைத் தையல்கள். முதல் தையலும் கடைசித் தையலும் தோலுக்கு அடியில் மறைந்துவிடும். எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பந்துக்கான தையல் கூலி ஒரு டாலரைத் தொடாது. அப்படித் தைக்கப்பட்ட லட்சக்கணக்கான பந்துகளில் ஒன்று, 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. இது அந்தப் பந்தின் கதை.

புதுப்பந்தை அப்படியே ஆட்டத்துக்குள் விட மாட்டார்கள். தோல் பளபளவென்று வழுக்கும், எறிபவரின் பிடிக்கு நிற்காது. அதனால் ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு பந்துக்கும் சேறு பூசப்படுகிறது. எந்தச் சேறு என்பதற்கும் மரபு உண்டு. 1938இல் ஃபிலடெல்ஃபியா அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன், நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளையொன்றின் கரையில் ஒரு சேற்றைக் கண்டெடுத்தார். குழைத்த பசை மாதிரி மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத மணல் கலந்தது. தோலின் வழவழப்பை எடுத்துவிடும், நிறத்தைக் கெடுக்காது. எந்த இடம் என்று வெளியே சொல்லாமல் ஒரே குடும்பம் அந்தச் சேற்றை அள்ளி, சலித்து, டப்பாவில் அடைத்து எல்லா அணிகளுக்கும் அனுப்புகிறது. விரல் நுனியில் கொஞ்சம் சேறு, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர், பந்தை இரண்டு கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்த்தால் வெள்ளை மங்கி லேசான பழுப்பு ஏறும். நம் பந்தும் அந்தத் தேய்ப்புக்குப் பிறகுதான் நடுவரின் பைக்குப் போயிருக்கும்.

பேஸ்பாலில் சேறு பூசுவது விதி, எச்சில் தடவுவது குற்றம். முதலில் கேட்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் காரணம் நியாயமானது. சேறு இரு அணிக்கும் பொது. எச்சில் எறிபவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஒரு பக்கம் ஈரமான பந்து விரலிலிருந்து சுழலாமல் வழுக்கி வெளியேறி, மட்டைக்காரரின் முன்னால் வந்து திடீரென்று விழும். 1920இல் அதைத் தடை செய்தார்கள். அதையே பிழைப்பாக வைத்திருந்த 17 பேருக்கு மட்டும் ஓய்வு பெறும்வரை அனுமதி கொடுத்தார்கள். அவர்களில் கடைசி ஆளான பர்லி கிரைம்ஸ் 1934வரை எச்சில் பந்து போட்டார். கிரிக்கெட்டில் பந்துக்கு எச்சில் தடவுவது 2020வரை வெளிப்படையாக நடந்தது என்பதை நினைத்தால், இரண்டு ஆட்டங்களும் ஒரே செயலை எவ்வளவு வேறாகப் பார்த்திருக்கின்றன என்பது புரியும்.

தடை வந்தது, எச்சில் நிற்கவில்லை. கேலார்ட் பெரி என்ற பிட்சர் (பந்து எறிபவர்) வாஸ்லைன், எண்ணெய், கைக்குக் கிடைத்த எதையும் பந்தில் தடவினார். தொப்பி விளிம்பு, காது மடல், சட்டைக் கழுத்து என்று ஒவ்வொரு பந்துக்கு முன்பும் தொட்டுத் தொட்டு, எதில் ஒளித்திருக்கிறார் என்று எதிரணி தவிக்கும்படி செய்தார். 1974இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, அதைப் பற்றி ஒரு சுயசரிதையும் வெளியிட்டார். இருபதாண்டுகளுக்கு மேல் நீண்ட அவருடைய ஆட்ட வாழ்க்கையில் பந்தைக் கெடுத்ததற்காக முதல்முறை மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்டது 1982இல்தான். 314 வெற்றிகள். 1991இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய வெண்கலப் பலகை ஏறியது. 2016இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி தன் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தது. நம் பந்து அடிக்கப்பட்ட அதே மைதானம்.

இதே ஜயன்ட்ஸ் அணி நியூயார்க்கில் இருந்த காலத்தில் இன்னொரு பந்து இருந்தது. 1951 அக்டோபர் 3. பாபி தாம்சன் கடைசி இன்னிங்ஸில், பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடித்து அணிக்கு லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட அடி அது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் அணி மைதானத்தின் பின்கோடியில் இருந்த உடைமாற்றும் அறையில் தொலைநோக்கி வைத்து, எந்த வகைப் பந்து போட வேண்டும் என்று எதிரணி கேட்ச்சர் தன் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகைகளைப் பார்த்ததும், மின்மணி மூலம் தன் மட்டைக்காரர்களுக்குத் தெரிவித்ததும் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தன. அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தனக்குச் சைகை கிடைக்கவில்லை என்று தாம்சன் சொன்னார். அவர் அடித்த பந்து கூட்டத்துக்குள் போய்த் தொலைந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் அதன்மீது எந்தக் குறியும் போடச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

உடம்புக்குள் போகும் ஏமாற்றும் புதிதல்ல. 1889இலேயே பட் கால்வின் என்ற பிட்சர், விலங்குகளின் விரைச்சாற்றில் செய்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஆடினார். செய்தித்தாள் அதைப் பாராட்டி எழுதியது. அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் வந்தன. ஆண்டுக்கு 162 ஆட்டம், இரவுப் பயணம், மறுநாள் பகலில் மறுபடி ஆட்டம். அந்தக் களைப்பை மாத்திரை ஓட்டியது. உடைமாற்றும் அறைகளில் அது பல பத்தாண்டுகள் சர்வசாதாரணமாகப் புழங்கியது. 2006இல்தான் அதற்குப் பரிசோதனை வந்தது.

ஸ்டீராய்டின் கதையை 1994இலிருந்து சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சம்பளத் தகராறில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் ரத்தானது. ரசிகர்கள் கோபத்தில் விலகினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது 1998இன் கோடை. செயின்ட் லூயிஸின் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன், சிகாகோவின் சாமி சோசா 66. 37 ஆண்டுகளாக நின்ற 61 என்ற சாதனையை ஒரே கோடையில் இருவர் தாண்டினார்கள். அந்த ஆகஸ்டில் ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற நிருபர் மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்ற மருந்துக் குப்பியைப் பார்த்துச் செய்தியாக்கினார். உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள். ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடையில்லை, அமெரிக்கக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. நாட்டின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டார் என்று வசை வாங்கியவர் நிருபர்தான். மெக்வயர் தான் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை 2010இல் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கோடையை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பேரி பாண்ட்ஸ். அப்போதே மூன்று முறை லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அடிப்பார், ஓடுவார், பிடிப்பார், எல்லாமும் வரும். தந்தை பாபி பாண்ட்ஸ் பெரிய ஆட்டக்காரர், ஞானத்தந்தை வில்லி மேஸ் அதைவிடப் பெரியவர். தன்னைவிடத் திறமை குறைந்தவர்களை நாடு தலையில் வைத்து ஆடுவதைப் பார்த்துப் பொறாமையில் வெந்துதான் அவர் ஸ்டீராய்டு பக்கம் போனார் என்று 'கேம் ஆஃப் ஷேடோஸ்' என்ற புலனாய்வு நூல் 2006இல் சொன்னது. அவர் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்கே வெளிச்சம். கணக்கு மட்டும் நம் முன்னால் இருக்கிறது. அதுவரை ஓர் ஆண்டில் 49க்கு மேல் ஹோம் ரன் அடிக்காதவர், 37 வயதை எட்டிய 2001இல் 73 அடித்தார். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஓய்வை யோசிக்கும் வயது அது.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பர்லிங்கேம் என்ற ஊரில் பால்கோ என்ற நிறுவனம் இருந்தது. விக்டர் கான்டி நடத்தினார். அங்கிருந்து ஆட்டக்காரர்களுக்கு இரண்டு பொருள்கள் போயின. ஒன்று, தோலில் தேய்க்கும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு. மற்றது, நாக்கின் அடியில் விடும் தெளிந்த திரவம், டிஹெச்ஜி. எந்தப் பரிசோதனையிலும் சிக்காதபடி அதை வடிவமைத்தவர் இல்லினாயைச் சேர்ந்த வேதியியலாளர் பேட்ரிக் ஆர்னால்ட். மெக்வயரின் அலமாரியில் இருந்த ஆண்ட்ரோவை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தவரும் இதே ஆர்னால்ட்தான். 2003 ஜூனில் ஒரு தடகளப் பயிற்சியாளர், பயன்படுத்திய ஊசியொன்றைப் பெயர் சொல்லாமல் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சேர்ப்பித்தார். லாஸ் ஏஞ்சலஸில் டான் கேட்லினின் ஆய்வகம் அதில் ஒட்டியிருந்த துளியிலிருந்து மூலக்கூறைக் கண்டுபிடித்தது. செப்டம்பரில் பால்கோவில் சோதனை நடந்தது. டிசம்பரில் பாண்ட்ஸ் விசாரணை ஜூரி முன் நின்று, பயிற்றுநர் கிரெக் ஆண்டர்சன் கொடுத்ததைப் பூசியதும் நாக்கில் விட்டதும் உண்மை, அவை ஆளி விதை எண்ணெயும் மூட்டுவலித் தைலமும் என்று நினைத்தேன் என்றார்.

எச்சில் பந்தும் ஏமாற்று, தொலைநோக்கியும் ஏமாற்று, அப்படியிருக்க ஸ்டீராய்டுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. வாஸ்லைன் தடவிய பந்தை நடுவர் வாங்கித் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஏமாற்று அங்கேயே முடிந்தது. ஸ்டீராய்டு அப்படி நிற்காது. பக்கத்து அலமாரிக்காரன் ஊசி போட்டு 40 அடித்தால், போடாதவன் வேலையை இழப்பான். ஏழை டொமினிக்கன் கிராமத்திலிருந்து வந்து, கீழ்நிலை லீக்கில் பேருந்தில் தூங்கி, மேலே ஏற ஒரே ஒரு இடத்துக்குக் காத்திருக்கும் இருபது வயதுப் பையனிடம் போய், உன் உடம்பைக் கொடு என்று கேட்கிற ஏமாற்று இது. 1996இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கிய கென் கேமினிட்டி, அந்த ஆண்டு ஸ்டீராய்டு எடுத்ததை 2002இல் வெளிப்படையாகச் சொன்னார். பெயர் தெரிந்த ஆட்டக்காரர் ஒருவர் இப்படித் தானே முன்வந்து சொன்னது அதுவே முதல்முறை. போதைப் பழக்கத்தோடு நீண்ட காலம் போராடி, 2004இல் 41 வயதில் இறந்தார். 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நட்சத்திர ஆட்டக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து விசாரித்த அன்று, அதே அறையில் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு தந்தையும் பேசினார். ஸ்டீராய்டு எடுத்த, பள்ளி அணியில் ஆடிய தன் பதினேழு வயது மகன் தற்கொலை செய்துகொண்டதைச் சொன்னார். அந்தத் தந்தையின் சாட்சியத்தைப் படித்தவர்களுக்கு 'எல்லாம் ஆட்டத்தின் மரபு' என்ற வாதம் வாயில் வராது.

2007 கோடையில் பாண்ட்ஸ் ஹாங்க் ஆரனின் 755 என்ற வாழ்நாள் சாதனையை நெருங்கினார். அவர் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் நடுவர் சாதாரணப் பந்துகளை ஒதுக்கிவிட்டு, லீக் தனியாக அடையாளமிட்டு அனுப்பிய பந்துகளை எடுப்பார். கூட்டத்தில் யாரோ வேறொரு பந்தைக் காட்டி இதுதான் அது என்று விற்றுவிடக் கூடாது. போலியைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குத் தெரியாத குறியும் உண்டு. பந்து அசல்தானா என்பதில் லீக்குக்கு இருந்த இந்தக் கவனத்தை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். ஸ்டீராய்டு தடை என்று லீக்கின் தலைவரான கமிஷனர் ஃபே வின்சென்ட் சுற்றறிக்கை அனுப்பியது 1991. முதல் பரிசோதனை நடந்தது 2003. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிப்பவரின் உடம்பை ஒருவரும் பார்க்கவில்லை. ஆட்டக்காரர் சங்கம் பரிசோதனையை எதிர்த்தது, உரிமையாளர்கள் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 4, சான் டியகோவில் 755ஆவது அடி. எறிந்த கிளே ஹென்ஸ்லி, 2005இல் கீழ்நிலை லீக்கில் ஆடும்போது ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கித் தண்டனை பெற்றவர். அடித்தவர் மேல் சந்தேகம், எறிந்தவர் மேல் தீர்ப்பு. கேலரியில் கமிஷனர் பட் செலிக் எழுந்து நின்றார். கைகளைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். கைதட்டவில்லை.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 7 இரவு, சான் பிரான்சிஸ்கோ. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர் மைக் பேசிக். ஐந்தாவது இன்னிங்ஸ், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு பால் போனால் பாண்ட்ஸ் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துவிடுவார். பேசிக் ஒதுங்கவில்லை. மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில், மேஜர் லீக் கணக்கில் மெதுவான ஒரு பந்தை நேராகப் போட்டார். மட்டையில் பட்ட சத்தத்திலேயே பாண்ட்ஸுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியபடி நின்றார். பந்து மைதானத்தின் வலது நடுப்பகுதிக்கு மேலே, 130 மீட்டர் தாண்டிப் போய் விழுந்தது. பேசிக்கின் தந்தையும் பிட்சர். 1976இல் 755 ஹோம் ரன்னோடு நின்ற ஆரனுக்கு எதிராகப் பந்து போட்டவர். ஆரன் அன்று அவரிடம் ஹோம் ரன் அடிக்கவில்லை. தந்தை தராத 756ஐ முப்பத்தோரு ஆண்டு கழித்து மகன் தந்தார், வேறொருவருக்கு.

பெரிய திரையில் ஹாங்க் ஆரன் தோன்றினார். முன்பே பதிவு செய்த வாழ்த்து. 1974இல் வெள்ளையரான பேப் ரூத்தின் 714ஐத் தாண்டியபோது கொலை மிரட்டல் கடிதங்களோடு வாழ்ந்தவர் அவர். கறுப்பர் என்பதற்காகப் பலர் அவரை வெறுத்த நாட்டில் அடித்த எண்ணிக்கை அது. அதனால்தான் இந்தச் சாதனை கறைபட்டது என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் வலிக்கிறது. அன்றிரவு கிரெக் ஆண்டர்சன் கலிஃபோர்னியாவில் சிறையில் இருந்தார். பாண்ட்ஸுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்த குற்றம். ஜயன்ட்ஸ் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது.

பந்து விழுந்த இடத்தில் மனிதக் குவியல். அதற்கடியிலிருந்து, முகத்தில் ரத்தக் கீறலோடு, பந்தைக் கையில் இறுக்கியபடி வெளியே வந்தார் நியூயார்க் குவீன்ஸைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஆஸ்திரேலியா போகும் வழியில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியவர். போலீஸ் சூழ அழைத்துப் போனார்கள். பேஸ்பாலில் கூட்டத்துக்குள் போன பந்து பிடித்தவருக்கே சொந்தம். வைத்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை. ஆனால் விற்காமல் வைத்திருந்தாலும் அதன் மதிப்புக்கு வரி கட்டச் சொல்வார்கள் என்று வல்லுநர்கள் பயமுறுத்தினார்கள். ஏலத்துக்கு விட்டார். 2007 செப்டம்பரில் போன விலை 7,52,467 டாலர்.

அந்த விலையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மெக்வயரின் 70ஆவது பந்தை 1999இல் காமிக்ஸ் படைப்பாளி டாட் மெக்ஃபார்லேன் சுமார் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். பாண்ட்ஸின் 73ஆவது பந்துக்கு இருவர் உரிமை கொண்டாடி நீதிமன்றம் போனார்கள். விற்றுச் சரிபாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2003 ஜூனில் அதையும் மெக்ஃபார்லேன்தான் வாங்கினார், 4,50,000 டாலருக்கு. 70ஐ விடப் பெரிய சாதனை, ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த விலை. இப்போது ஓர் ஆட்டக்காரரின் ஓராண்டுச் சாதனை அல்ல, ஆட்டத்தின் ஆகப் பெரிய வாழ்நாள் எண், அதுவும் மெக்வயரின் பந்துக்கு எட்டிய விலையில் கால் பங்குதான் கண்டது. எந்த விசாரணைக் குழுவும் அறிக்கை தருவதற்கு முன்பே ஏலச் சந்தை தன் தீர்ப்பைச் சொல்லியிருந்தது.

வாங்கியவர் மார்க் எக்கோ, ஆடை வடிவமைப்பாளர். வாங்கிய கையோடு தொலைக்காட்சியில் தோன்றி, இந்தப் பந்தை என்ன செய்யலாம் என்று மக்களே வாக்களியுங்கள் என்றார். அப்படியே ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுத்துவிடலாம். சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்ட நட்சத்திரக் குறி பொறித்துக் கொடுக்கலாம். அல்லது ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிடலாம். இணையத்தில் ஒரு கோடி வாக்குகள் விழுந்தன. நட்சத்திரக் குறிக்கு 47 விழுக்காடு, அப்படியே கொடுப்பதற்கு 34, விண்வெளிக்கு 19. பாண்ட்ஸ் எக்கோவை முட்டாள் என்று திட்டினார். அந்தப் பந்தைக் குறியோடு காட்சிக்கு வைத்தால் ஹால் ஆஃப் ஃபேம் பக்கமே வர மாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தக் குறிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் அநியாயமான வரலாறு. 1961இல் ராஜர் மாரிஸ் ஓராண்டில் 61 ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் 60ஐத் தாண்டினார். ரூத்தின் காலத்தில் ஆண்டுக்கு 154 ஆட்டம், மாரிஸுக்கு 162. அப்போதைய கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக், 154 ஆட்டத்துக்குள் அடிக்காவிட்டால் சாதனைப் பட்டியலில் தனி அடையாளம் வேண்டும் என்று அறிவித்தார். ஃபிரிக் ரூத்தின் நண்பர், ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர். மாரிஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. உண்மையில் புத்தகத்தில் நட்சத்திரக் குறி ஏறவே இல்லை, இரண்டு சாதனைகளையும் தனித்தனி வரியில் போட்டார்கள். ஆனால் மக்கள் மனதில் அந்தக் குறி மாரிஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1991இல்தான் அந்தத் தனி வரி நீங்கியது. அதைப் பார்க்க மாரிஸ் உயிரோடு இல்லை, 1985லேயே புற்றுநோயில் போய்விட்டார்.

குறி பொறிக்க வேண்டும் என்று வாக்களித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் பொறித்த இடம் தவறு. கோபம் போக வேண்டிய முகவரிகள் ஏராளம். 1998இல் அலமாரிக் குப்பியைப் பார்த்தும் பாராமல் இருந்த அணிகள், நிரம்பி வழிந்த மைதானங்களில் காசு எண்ணிய உரிமையாளர்கள், உறுப்பினர்களின் உடம்பைவிட அவர்களின் ஒப்பந்தத்தைக் காத்த சங்கம், கதை நன்றாக ஓடுகிறது என்று கேள்வி கேட்காத பத்திரிகையாளர்கள். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்சல் தந்த அறிக்கை 89 ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கமிஷனர்கள், அணி நிர்வாகங்கள், சங்கம், ஆட்டக்காரர்கள் என்று எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொன்னது. பெயர்களைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. பொறுப்பைப் பற்றிய பகுதி அவ்வளவு தூரம் போகவில்லை.

பந்து கூப்பர்ஸ்டவுன் போய்ச் சேர ஒன்பது மாதத்துக்கும் மேல் பிடித்தது. எக்கோ கடனாகத் தருவதா, நன்கொடையாகத் தருவதா என்று இழுபறி. கடன் என்றால் வேண்டாம் என்று அருங்காட்சியகம் மறுத்தது. கடைசியில் நிபந்தனையில்லாத நன்கொடையாக, 2008 ஜூலை 1 அன்று, தோலில் நட்சத்திரக் குறியோடு பந்து உள்ளே போனது.

அடித்தவரின் வழி வேறு பக்கம் திரும்பியது. 2007 நவம்பர் 15 அன்று, பொய்ச்சாட்சியம் சொன்னதாகவும் நீதியின் வழியை மறித்ததாகவும் பாண்ட்ஸ் மேல் குற்றம் சாட்டப்பட்டது. அன்றே ஆண்டர்சன் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 762 ஹோம் ரன்னோடு நின்ற பாண்ட்ஸை அடுத்த ஆண்டு எந்த அணியும் எடுக்கவில்லை. 2011இல் பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒருமனதாக முடிவெடுக்கவில்லை. ஒரு கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னதற்காக, நீதியை மறித்த ஒரே குற்றத்தில் தண்டனை வந்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது.

ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பேஸ்பால் எழுத்தாளர்கள் பத்தாண்டு வாக்களிப்பார்கள். 75 விழுக்காடு வேண்டும். பாண்ட்ஸ் 2013இல் 36.2இல் தொடங்கி, கடைசி வாய்ப்பான 2022இல் 66இல் நின்றார். அதன்பின் ஒரு சிறு குழுவின் கையில் போனது. 2022 டிசம்பரில் தேறவில்லை, 2025 டிசம்பரில் 16 பேர் குழுவில் ஐந்து வாக்குகூடக் கிடைக்கவில்லை. விதிப்படி 2031க்கு முன் அவர் பெயர் மறுபடி வராது. இதற்கிடையில் பட் செலிக் 2017இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டுவிட்டார். ஸ்டீராய்டு காலத்தின் பெரும்பகுதியும் அவர்தான் கமிஷனர். அவர் பொறுப்பேற்றபோது ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலராக இருந்த லீக்கின் வருமானம், அவர் விலகும்போது 900 கோடியை எட்டியிருந்தது. அந்த வளர்ச்சியில் 1998இன் கோடைக்குப் பங்கு இல்லை என்று அவரேகூடச் சொல்ல முடியாது.

2031இல் அந்தக் குழுவில் எனக்கு ஒரு வாக்கு இருந்தால் பாண்ட்ஸுக்குப் போடுவேன். அவர் குற்றமற்றவர் என்பதற்காக இல்லை. அவருடைய வெண்கலப் பலகையில் 762 என்ற எண்ணுக்குக் கீழே பால்கோவின் பெயரையும், களிம்பையும் திரவத்தையும் பயன்படுத்தியதாக அவரே ஜூரி முன் சொன்னதையும் பொறிக்க வேண்டும் என்று கேட்பேன். செலிக்கின் பலகையில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும், பெரியின் பலகையில் வாஸ்லைனையும் அதே அளவு எழுத்தில் எழுதச் சொல்வேன். அது நடந்தால், கோஸ்டாரிகாவில் ஒருவர் கை வலிக்கத் தைத்துக் கொடுத்த அந்தத் தோலில் இருக்கும் குறியை எடுக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.